மோஷன் கன்ட்ரோலில் ஷூட்டர் ஆடும்போது உண்மையில் என்ன மாறுகிறது?

கேள்வி இதுதான்: "இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலர் கையில் இருக்கும்போது, ரிமோட்டை நீட்டியும் கன்ட்ரோலரைச் சாய்த்தும் ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் ஆடுவதில் அப்படி என்ன இருக்கிறது? நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்த காலத்துப் புதுமை மோகம்தானே அது?"

துப்பாக்கியையே பிடித்திருப்பது போல இருக்கும், அதனால் பிடிக்கிறது என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். அந்தப் பாவனை ஒரு மணி நேரத்தில் அலுத்துப் போகும். அலுக்காமல் நிற்கும் காரணம் வேறு. குறிபார்க்கும் வேலை கட்டைவிரலிடமிருந்து மணிக்கட்டுக்குக் கைமாறுகிறது. இந்த வகை ஆட்டங்களின் சுகமும் சிக்கலும் அந்த ஒரு மாற்றத்திலிருந்தே வருகின்றன.

முதலில், கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பார்வையை எந்த இடத்தில் வைப்பது என்று ஸ்டிக் சொல்வதில்லை, எவ்வளவு வேகத்தில் திருப்புவது என்று மட்டும்தான் சொல்கிறது. கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அதற்குச் சரியான கணத்தில் நீங்கள் விரலை விட வேண்டும். ஒரு கணக்குப் போட்டால் சிரமம் புரியும். 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் எதிரியின் உடல் 50 செ.மீ. அகலம் என்றால், அது உங்கள் பார்வையில் ஏறக்குறைய 3 டிகிரி. முழுக்கத் தள்ளிய ஸ்டிக் நொடிக்கு 180 டிகிரி திருப்புகிறது, ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேமில் (தனித்தனிப் படங்களில்) ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃப்ரேமுக்கு 3 டிகிரி. ஒரு தோளிலிருந்து மறுதோளைக் கடக்க ஒரே ஒரு ஃப்ரேம் போதும். ஆகவே கடைசி நேரத் திருத்தத்தை, ஸ்டிக் சாயும் சில மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. யாராலும் இதைத் தொடர்ந்து துல்லியமாகச் செய்ய முடியாது என்பதால்தான் கன்சோல் ஷூட்டர்களில் ஏய்ம் அசிஸ்ட் வந்தது. குறி எதிரி மேல் பட்டதும் திரும்பும் வேகத்தைக் குறைக்கும். எதிரி நகர்ந்தால் பார்வையையும் கூடவே கொஞ்சம் இழுத்துப் போகும்.

ரிமோட்டை நீட்டிக் குறிபார்க்கும்போது கணக்கே மாறிவிடுகிறது. கை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் குறி நிற்கும். கை நின்றால் குறியும் நிற்கும். விட வேண்டிய கணம் என்று ஒன்று கிடையாது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டும் பழக்கம் எல்லோருக்கும் குழந்தைப் பருவத்திலிருந்தே உண்டு, அந்தத் திறமையை ஆட்டம் அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதே 3 டிகிரி எதிரியை, கையின் அசைவு திரையில் மூன்று மடங்காக விழும் அமைப்பில் சுட வேண்டுமென்றால், தோளிலிருந்து தோளுக்கு மணிக்கட்டு 1 டிகிரிதான் திரும்ப வேண்டும். மணிக்கட்டுக்கு அது எளிது. குண்டு பட்டால் அது உங்கள் கை செய்தது, தவறினாலும் உங்கள் கை செய்தது. ஏய்ம் அசிஸ்ட்டோடு பல வருடம் ஆடியவர்கள் இதற்கு மாறியதும் திரும்பிப் போக மனமில்லாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதுவரை ஷூட்டரே ஆடாதவர்களுக்கு இன்னொரு வகையில் உதவுகிறது. இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் இயக்கப் பழகுவது அவர்களுக்குப் பெரிய சுவர். நடப்பதற்கு ஒரு ஸ்டிக், சுடுவதற்குக் கை என்று பிரித்துக் கொடுத்தால் அந்தச் சுவரில் பாதி இடிந்துவிடும். அத்துடன் வீ ரிமோட்டும் இடது கையில் பிடிக்கும் நன்சக்கும் போல, ஸ்விட்ச் கன்சோலின் பிரித்த ஜாய்-கான்கள் போல, இரண்டு கையும் தனித்தனியாக இருந்தால் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொரு கையும் அதனதன் தொடை மேல் கிடக்கலாம். நீண்ட நேரம் ஆடுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வீ ரிமோட்டை நீட்டிக் குறிபார்க்கும் பாயின்டர் முறையில் இன்னொரு சுவை உண்டு. பார்வை வேறு, குறி வேறு. மவுஸில்கூடக் குறி எப்போதும் திரையின் நடுவில்தான் இருக்கும். குறியை நகர்த்த உலகத்தையே நகர்த்த வேண்டும். பாயின்டரில் பார்வையை அசைக்காமல் துப்பாக்கியை மட்டும் திரையின் மூலைக்குக் கொண்டு போகலாம். ஒரு வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டு, காட்சி துளியும் ஆடாமல், இடப்பக்க ஜன்னலில் ஒன்று, வலப்பக்க மாடிப்படியில் ஒன்று என்று சுட முடியும். பிறகு தலையில் மாட்டி ஆடும் வி.ஆர். வந்தபோதுதான், தலை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக, இதன் முழு வடிவம் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 4-இல் 2017-இல் வந்த ஃபார்பாயின்ட் அதற்கெனவே செய்த ஏய்ம் கன்ட்ரோலரோடு ஆடப்பட்டது.

வீ ரிமோட் எப்படிக் குறிபார்க்கிறது என்று தெரிந்தால் அதன் பாதிக் கோளாறுகளை நீங்களே சரிசெய்துவிடலாம். டிவியருகே வைக்கும் சென்சார் பார் எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கம்பி வழியாகப் போவது மின்சாரம் மட்டுமே. பார்க்கும் கண் ரிமோட்டின் முனையில் இருக்கிறது. அந்தச் சிறு கேமரா ஒளிப்புள்ளிகளைக் கண்டுபிடித்து, 1024-க்கு 768 என்ற கட்டத்தில் அவற்றின் இடத்தை மட்டும் கன்சோலுக்கு அனுப்புகிறது. இரு முனைகளுக்கும் இடையே சுமார் 20 செ.மீ. இருக்கும். கேமரா பார்க்கும் அகலம் ஏறக்குறைய 33 டிகிரி. 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் அந்த இரு புள்ளிகளுக்கு நடுவே 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, கட்டத்தில் 180 புள்ளி அளவு. 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது பாதியாகி, ஒளியும் மங்கி, குறி நடுங்க ஆரம்பிக்கும். 1 மீட்டருக்கும் கிட்டே வந்தால் கை கொஞ்சம் திரும்பினாலே ஒரு புள்ளி கேமராவின் பார்வையிலிருந்து விழுந்துவிடும். 1 முதல் 3 மீட்டருக்குள் உட்காருங்கள் என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

குறி சட்டென்று தாவுகிறது, காணாமல் போகிறது என்றால் அறையில் வேறு அகச்சிவப்பு இருக்கிறது என்று அர்த்தம். டிவிக்குப் பின்னால் ஜன்னல் வழி வரும் வெயில், குண்டு பல்பு, மெழுகுவர்த்தி, டிவி முன்னால் இருக்கும் கண்ணாடி மேசையில் சென்சார் பாரின் பிரதிபலிப்பு எல்லாமே சந்தேகத்துக்குரியவை. வீ செட்டிங்ஸில் சென்சார் பார் பகுதிக்குப் போய் சென்சிட்டிவிட்டியைத் திறந்தால் ரிமோட்டின் கண்ணுக்குத் தெரிவது அப்படியே திரையில் தெரியும். இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று மினுங்கினால் திரைச்சீலையை இழுத்துவிட்டோ மேசையில் ஒரு துணி விரித்தோ பாருங்கள். அது மறைந்துவிட்டால் குற்றவாளி கிடைத்தாயிற்று. மறையவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறையுங்கள். அதே பகுதியில் சென்சார் பார் டிவிக்கு மேலேயா கீழேயா என்று கேட்கும். இதைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, குறி எப்போதும் கையை விட மேலேயோ கீழேயோ நிற்கிறதே என்று திணறுபவர்கள் நிறையப் பேர்.

டிவியின் தாமதமும் பாயின்டரைக் கெடுக்கும். ஸ்டிக்கில் அதே தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும். கை நின்ற பிறகும் குறி நகர்ந்துகொண்டே இருந்தால் பொறுக்க முடியாது. டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். வீயோடு வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளுக்குப் பதிலாக காம்போனென்ட் கேபிள் போட்டு, கன்சோலிலும் 480 புராக்ரெசிவைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பாதியாக வரும் இன்டர்லேஸ் படத்தைச் சேர்த்து ஒட்டும் வேலை டிவிக்கு இல்லாமல் போவதால் தாமதம் குறையும்.

சரி, இவ்வளவு நன்றாகக் குறிபார்க்க முடிகிறது என்றால் எல்லா ஷூட்டரும் ஏன் இப்படி வரவில்லை? காரணம், திரும்புதல். சுட்டிக்காட்டும் கைக்குத் திரையின் ஓரம் வரைதான் இடம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் எதிரி வந்தால் கையை எங்கே நீட்டுவது? ஆகவே திரையின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்தார்கள். குறி கட்டத்துக்குள் இருக்கும்வரை பார்வை அசையாது. கட்டத்தைத் தாண்டியதும் பார்வை அந்தப் பக்கம் திரும்பும். எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு வேகம். சுடுவதில் ஒழித்த ஸ்டிக்கின் அதே வேகக் கணக்கு, திரும்புவதில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 2006-இல் வீயோடு கூடவே வந்த ரெட் ஸ்டீலும் கால் ஆஃப் டியூட்டி 3-உம் இந்த இடத்தில்தான் தடுமாறின. கட்டமும் வேகமும் சரியாக அமையாவிட்டால் திரும்பும்போது பார்வை ஒன்று நத்தை போல் நகரும், இல்லையென்றால் சுழன்றுவிடும். ரிமோட் திரையை விட்டு வெளியே போய்விட்டால் எந்தப் பக்கம் போயிற்று என்றே ஆட்டத்துக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டே நல்ல விடைகள் வந்தன. ரெட்ரோ ஸ்டுடியோஸ் 2007-இல் கொடுத்த மெட்ராய்ட் பிரைம் 3: கரப்ஷனில் மூன்று நிலை இருந்தது. அட்வான்ஸ்ட் என்ற நிலையில் கட்டம் மிகச் சிறியது. கை போன பக்கமெல்லாம் பார்வையும் போகும். கூடவே எதிரியை லாக் செய்து பார்வையை அவன் மேல் கட்டிப்போட்டுவிட்டு, கையால் தனியாகக் குறிபார்க்கும் வசதியும் உண்டு. திரும்பும் தொல்லையை லாக் எடுத்துக்கொண்டது, சுடும் சுகம் கையிடம் தங்கியது. அதே ஆண்டின் மெடல் ஆஃப் ஆனர்: ஹீரோஸ் 2, ஆன்லைனில் 32 பேரோடு ஆடவிட்டது. 2009-இல் வந்த தி கான்டூயிட் ஆட்டமாகச் சாதாரணமானதுதான், ஆனால் கட்டத்தின் அளவு, திரும்பும் வேகம், குறியின் சென்சிட்டிவிட்டி என்று எல்லாவற்றையும் ஆடுபவரிடமே ஒப்படைத்தது. ஒருவருக்குச் சரியான அமைப்பு இன்னொருவருக்குச் சரிவராது என்பதை அது ஒப்புக்கொண்டது. என் கணிப்பில் வீ ஷூட்டர்களுக்கு அது செய்த பெரிய உதவி அதுவே. கால் ஆஃப் டியூட்டியின் பிந்தைய வீ பதிப்புகளும் இந்த வழியில்தான் வந்தன. 2010-இன் கோல்டன்ஐ 007-இல் பாயின்டர் வைத்தும் ஆடலாம், கிளாசிக் கன்ட்ரோலரின் ஸ்டிக்குகளிலும் ஆடலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே ஆட்டத்தில் தெரிந்துகொள்ள இன்றும் அது நல்ல இடம்.

பார்வையை ஆட்டமே நகர்த்திக்கொள்ளும் ரெயில் ஷூட்டர்கள் வீயில் ஏன் அவ்வளவு சுலபமாக அமைந்தன என்பதும் இதோடு விளங்கிவிடும். 2007-இன் ரெசிடென்ட் ஈவில்: தி அம்ப்ரெல்லா கிரானிக்கிள்ஸ், 2009-இன் டெட் ஸ்பேஸ்: எக்ஸ்ட்ராக்‌ஷன் போன்றவற்றில் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

கட்டத்தை அமைக்க ஒரு வரிசை இருக்கிறது. மூன்று எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. முதலில் கட்டம். திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். உயரத்தில் அதைவிடத் தாராளமாக, திரையின் பாதிவரை விடலாம். மேலே கீழே அடிக்கடி திரும்ப வேண்டியிராது, ஆனால் கட்டம் குட்டையாக இருந்தால் சண்டை நடுவில் பார்வை கூரையையும் தரையையும் பார்க்கப் போய்விடும். இரண்டாவது, திரும்பும் வேகம். காலி அறையில் நின்று கையைத் திரை ஓரத்துக்குக் கொண்டு போய், முழு வட்டம் சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நொடிக்கு மேல் போனால் பின்னால் வருபவனிடம் அகப்பட்டுக்கொள்வீர்கள். ஒரு நொடிக்கும் கீழே இறங்கினால் தேவையான இடத்தில் நிறுத்த முடியாது. மூன்றாவதாகத்தான் குறியின் சென்சிட்டிவிட்டி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடமாவது ஆடிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பழகப் பழகக் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். தேர்ந்தவர்கள் பலர் கட்டமே இல்லை என்னும் அளவில் வந்து நிற்பார்கள்.

கையாட்டும் சைகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நன்சக்கை உதறினால் ரீலோட், ரிமோட்டைக் குத்தினால் கத்திக்குத்து என்றெல்லாம் வைத்தார்கள். குறிபார்க்கும் அதே கையில் குத்து சைகையை வைப்பது தவறான வடிவமைப்பு. ரிமோட்டை முன்னால் குத்தும்போது கேமரா மேலோ கீழோ எகிறும், குறி போய்விடும், அதோடு பார்வையும் திரும்பிவிடும். எதிரி முகத்துக்கு நேரே நிற்கும்போது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அசைவை உணரும் ஆக்ஸிலரோமீட்டர், ஒரு அளவு உதறலைத் தாண்டினால்தான் சைகை என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், மெதுவாகச் செய்தால் நடக்காது, பதற்றத்தில் கை ஆடினாலே நடந்துவிடும். பட்டனுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். இடது கை சைகை மட்டும் விதிவிலக்கு. மெட்ராய்ட் பிரைம் 3-இல் நன்சக்கை முன்னால் வீசி கொக்கியை மாட்டி, பின்னால் இழுத்து எதிரியின் கேடயத்தைப் பிடுங்கலாம். குறிபார்க்கும் கைக்கு அதில் வேலையில்லை, அதனால்தான் அது நன்றாக இருக்கிறது.

வீ ஜாப்பர் போன்ற பிளாஸ்டிக் துப்பாக்கிக் கூடுகளையும் ஷூட்டருக்கு நான் சொல்ல மாட்டேன். இரண்டு கையும் ஒரே கூட்டில் பூட்டப்படுவதால் மணிக்கட்டு செய்ய வேண்டிய 1 டிகிரியை முழுக் கையும் தோளும் செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். ரெயில் ஷூட்டருக்குச் சரி.

சோனியின் மூவ் கன்ட்ரோலர் 2010-இல் வேறு வழியில் வந்தது. அதில் கேமரா டிவி பக்கம், ஒளி கை பக்கம். ஒளிரும் உருண்டை கேமராவில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கையின் தூரத்தையும் கணக்கிட்டது. உள்ளே, கன்ட்ரோலர் திரும்புவதை அளக்கும் சென்சாரான கைரோவும் இருந்தது. 2011-இன் கில்ஸோன் 3 அதில் நன்றாகவே ஆடியது. ஆனால் திரும்பும் சிக்கலுக்கு அங்கேயும் அதே கட்டம்தான் விடை.

கட்டத்திலிருந்து விடுதலை கொடுத்தது கைரோ. இதில் கை எங்கே நீட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, எவ்வளவு திரும்பியது என்று மட்டும் கன்ட்ரோலர் அளக்கிறது. பெரிய திருப்பம் ஸ்டிக்கில், கடைசி நேரத் துல்லியம் கையில். மவுஸ் போலக் குறி திரையின் நடுவில் நிற்கும், ஆகவே பாயின்டரின் அந்தத் தனிக் குறி போய்விட்டது. அது ஒரு இழப்புதான். பதிலுக்கு, திரும்புவதும் சுடுவதும் முட்டிக்கொள்வது நின்றது. 2015-இல், வீக்கு அடுத்த கன்சோலான வீ யூ-வில் வந்த ஸ்ப்ளாட்டூன், ஆளைப் பின்னாலிருந்து பார்க்கும் தேர்ட் பெர்சன் ஷூட்டர் என்றாலும், கைரோவோடு ஆடுவதே இயல்பு என்று ஒரு தலைமுறையைப் பழக்கியது. 2017-இல் ஸ்விட்சுக்கு வந்த டூமில் கைரோ முதலில் இல்லை. 2018-இல் அப்டேட்டாகச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஸ்விட்சுக்கு வந்த வுல்ஃபென்ஸ்டைன் 2-இல் முதல் நாளிலிருந்தே இருந்தது. பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டிலும் கைரோ இருக்கிறது, ஆட்டம் ஆதரிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கைரோ கிடையாது.

கைரோவின் தொல்லை டிரிஃப்ட், அதாவது கை அசையாமலே பார்வை நகர்வது. மேலும் கீழும் சாய்வதைப் புவியீர்ப்பை வைத்து ஆக்ஸிலரோமீட்டர் சரிபார்த்துக்கொள்ளும். இடமும் வலமும் திரும்புவதைச் சரிபார்க்க அதனிடம் எதுவும் இல்லை. ஆகவே கைரோவின் சிறு பிழை பக்கவாட்டில் குவிந்துகொண்டே போகும். நொடிக்கு 0.3 டிகிரி பிழை, சென்சிட்டிவிட்டி 4 மடங்கு என்றால் பத்து நொடியில் பார்வை 12 டிகிரி தானாக நகர்ந்திருக்கும். ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் பகுதியில் மோஷன் கன்ட்ரோல் காலிப்ரேஷன் இருக்கிறது. கன்ட்ரோலரைச் சமதளத்தில் வைத்து, திரையில் சொல்லும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். தொடை மேலோ மெத்தை மேலோ ஸ்பீக்கர் அதிரும் மேசை மேலோ வைத்துச் செய்யாதீர்கள். அந்த அசைவையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். ஜாய்-கானின் ஸ்டிக் டிரிஃப்ட் என்பது வேறு கோளாறு. கைரோவை ஆஃப் செய்து பாருங்கள். அப்போதும் பார்வை நகர்ந்தால் தேய்ந்திருப்பது ஸ்டிக்.

கைரோவின் சென்சிட்டிவிட்டி எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு அளவில் இருப்பதால் எண்ணை நம்பாமல் விகிதத்தைப் பாருங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நின்று, ஸ்டிக்கைத் தொடாமல், கன்ட்ரோலரை டிவிக்கு நேராக இருந்து பக்கச் சுவருக்கு நேராகும்வரை 90 டிகிரி திருப்புங்கள். ஆட்டத்தில் பார்வையும் 90 டிகிரி திரும்பினால் விகிதம் ஒன்று. 270 டிகிரி திரும்பினால் மூன்று. பல ஆட்டங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் கொடுத்து அனுப்புகின்றன. அதில் கை நிறைய ஆட வேண்டியிருக்கும், கைரோ வீண் என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மூன்றில் தொடங்கி, கை பழகியதும் நான்கு, ஐந்து என்று ஏற்றலாம். ஸ்கோப்புக்குள் போனால் படம் பெரிதாவதால் அங்கே மட்டும் குறைக்க வேண்டும். கைரோவுக்கு டெட் ஜோன், ஸ்மூத்திங் என்று ஸ்லைடர் இருந்தால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். டெட் ஜோன் சிறு அசைவை விழுங்கிவிடும், ஸ்மூத்திங் தாமதம் சேர்க்கும். கைரோ வாங்கியதே அந்தச் சிறு அசைவுக்காகத்தான். ஏய்ம் அசிஸ்ட்டையும் அணைத்துவிடுவது நல்லது. எதிரி மேல் பட்டதும் அது வேகத்தைக் குறைத்தால், 1 டிகிரி கைக்கு 3 டிகிரி திரை என்று மணிக்கட்டு கற்ற விகிதம் சரியாக அந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

"குறிபார்க்கும் பட்டனை அழுத்தும்போது மட்டும் கைரோ" என்ற அமைப்பைப் பலர் விரும்புகிறார்கள். வேண்டாம் என்பேன். எதிரியைக் கண்ட முதல் அரை நொடியில்தான் கையின் உதவி மிகத் தேவை, அது கிடைக்காமல் போகும். எப்போதும் ஆனில் வைத்துவிட்டு, அழுத்தினால் கைரோவை நிறுத்தும் பட்டன் ஒன்றை ஒதுக்குங்கள். கை கோணலாகிவிட்டால் அதை அழுத்திக்கொண்டு கையை நேராக்கி விட்டுவிடலாம். மவுஸைத் தூக்கி நடுவில் வைப்பது போன்ற வேலைதான். ஸ்ப்ளாட்டூனில் ஒய் பட்டன் பார்வையை நேராக்கிவிடும்.

பிடிப்பும் முக்கியம். முழங்கை தொடை மேலோ நாற்காலியின் கைப்பிடி மேலோ படிந்திருக்கட்டும், அசைவது மணிக்கட்டு மட்டும். வைப்ரேஷனை அணையுங்கள், அந்த அதிர்வு சென்சாருக்கும் போகும். ட்ரிகரை இறுக்கி அழுத்தினால் கன்ட்ரோலர் கொஞ்சம் திரும்பி, சுடும் கணத்தில் குறி விலகும். டூயல்சென்ஸில் விரலை எதிர்த்து அழுத்தும் அடாப்டிவ் ட்ரிகரை ஆஃப் செய்தால் இது குறையும். வீ ரிமோட்டிலும் அடியில் உள்ள பி பட்டனை வெடுக்கென்று அழுத்தினால் குறி ஆடிவிடும், மெதுவாக அமுக்க வேண்டும். ஸ்விட்சைக் கையில் ஏந்தி ஆடும்போது திரை முகத்துக்கு நேரே நிமிர்ந்திருப்பதால், திரும்பும் அச்சு கன்ட்ரோலரோடு பொருந்தாமல், நீங்கள் பக்கவாட்டில் திருப்பியது ஆட்டத்துக்கு உருட்டலாகத் தெரியலாம். அச்சைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், டிவி முன் தட்டையாகப் பிடிப்பவர்களுக்கு யா (பக்கவாட்டுத் திருப்பம்) என்ற தேர்வு பொருந்தும், ஏந்தி ஆடுபவர்கள் ரோலையும் (உருட்டல்) முயன்று பார்க்கலாம்.

திரும்பும் சிக்கலுக்கு வந்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளிக் ஸ்டிக். ஜிப் ஸ்மார்ட் என்ற நிரல் உருவாக்குநர் முன்வைத்தது. வலது ஸ்டிக்கை எந்தத் திசையில் தள்ளுகிறீர்களோ பார்வை அந்தத் திசைக்கே உடனே திரும்பும். பின்னால் தள்ளினால் 180 டிகிரி, நேர் இடப்பக்கம் தள்ளினால் 90 டிகிரி. தள்ளியபடியே ஸ்டிக்கை விளிம்பில் சுழற்றினால் பார்வையும் அதே அளவு சுழலும். மேலும் கீழும் பார்ப்பது முழுக்கக் கைரோவின் வேலை. இப்போது திரும்புவதும் எந்த இடம் என்ற கணக்காகிவிட்டது, வேகக் கணக்கு எங்குமே இல்லை. 2022-இல் ஃபோர்ட்நைட்டில் இதைச் சேர்த்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தலை சுற்றும், வரைபடத்தில் திசை தெரிந்து ஆடுபவர்களுக்கு அதன்பின் பிடிபட்டுவிடும்.

இன்று தொடங்குபவருக்கு 2023-இன் மெட்ராய்ட் பிரைம் ரீமாஸ்டர்டைச் சொல்வேன். இரட்டை ஸ்டிக், பாயின்டர், ஹைப்ரிட், பழைய கிளாசிக் முறை என்று எல்லாம் ஒரே ஆட்டத்தில் இருக்கின்றன, ஆட்டமும் நிதானமானது. 2025 டிசம்பரில் வந்த மெட்ராய்ட் பிரைம் 4-ஐ ஸ்விட்ச் 2-இல் ஆடினால், ஜாய்-கானை மேசையிலோ தொடையிலோ படுக்கவைத்து மவுஸாகவே பயன்படுத்தலாம். அதிலிருந்து கையைத் தூக்கிக் கைரோவுக்குப் போவதும் எளிது. எதிரிகள் எல்லாத் திசையிலிருந்தும் பாயும் வேக ஆட்டங்களுக்கு அதன் பிறகு கைரோவோடு டூமுக்குப் போங்கள். பழைய வீ ஷூட்டர்களைத் தேடி வாங்குவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நின்டெண்டோ வீயின் ஆன்லைன் சேவையை 2014 மே மாதம் நிறுத்திவிட்டது, ஆகவே தனியாள் கதையும் ஒரே டிவியில் சேர்ந்து ஆடும் வசதியும் எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். அந்தக் கணக்கில் முதலில் கரப்ஷன், அடுத்து நான்கு பேர் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் உள்ள கோல்டன்ஐ 007.